இக்கரையில் நின்றுபோன ஹெட்டர்

அனுப்புநர்:
அறுவடை இயந்திர ஓட்டுநர் (தங்கை),
டிராக்டர் ஓட்டுநர் (அக்கா),
ஆற்றுப்பாலத்தின் தென்கரை.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
சாலைகள், பாலங்கள் அலுவலகம்.

பொருள்: பாலத்தின் தென்முனையில் உள்ள இரு இரும்புக் கம்பங்களுள் ஒன்றை மட்டும் கழற்றி மாட்டும்படி அமைத்துத் தர வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் அக்காவும் கூட்டாக ஓர் அறுவடை இயந்திரம் வைத்துப் பிழைக்கிறோம். இயந்திரத்தை நான் ஓட்டுகிறேன். அதன் முன்னால் மாட்டப்படும் ஹெட்டரை, அதாவது கதிரை வெட்டி உள்ளே தள்ளும் பகுதியை, தனியே கழற்றி டிரெய்லரில் ஏற்றி, அக்கா டிராக்டரில் இழுத்து வருவார். மாட்டியபடியே ஓட்டிப் போனால் சாலை முழுவதையும் அடைத்துக்கொள்ளும்.

2. பழைய ஹெட்டர் விரிசல் விட்டதால் சென்ற ஆண்டு புதிதாக ஒன்று வாங்க நேர்ந்தது. கடையில் இருந்ததிலேயே அகலமானதன் மேல் அக்காவுக்கு ஆசை. எங்கள் பக்கத்து நெல் அடர்த்தியானது. வாய் அகலமாக இருந்து தொண்டை சிறுத்திருந்தால் இயந்திரம் விக்கி நின்றுவிடும் என்று நான் சொன்னேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு அக்கா ஒப்புக்கொண்டார். நடுத்தர அளவில் பதினான்கு அடி ஹெட்டரை எடுத்தோம். எடுக்குமுன் பாலத்தையும் அதன் வளைவையும் நாடா பிடித்து அளந்தோம். அப்போது அங்கே கம்பங்கள் இல்லை. எனவே எங்கள் அளவில் பிழையில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

3. இந்த அறுவடைக்கு வடகரைத் தையல்காரர் எங்களை அழைத்திருந்தார். அவருக்கு இருப்பது ஒரே வயல். ஆண்டு முழுவதும் வீட்டில் உலை கொதிப்பது அதனால்தான். மாலையில் மழை என்று சொல்லியிருந்ததால் விடியும்போதே புறப்பட்டோம். ஆற்றின் மேல் பனி மூடி, பாலம் பாதியிலேயே கரைந்து போனதுபோல் இருந்தது. முன்னால் சென்ற என் இயந்திரம் கம்பங்களுக்கு இடையே உரசாமல் நுழைந்துவிட்டது. பனிக்குள் ஏதோ படகில் போவதுபோல் அக்கரை சேர்ந்தேன். பின்னால் வந்த டிரெய்லர் நீளமானது. வளைவில் திரும்பும்போது அதன் வால் கம்பத்தில் இடித்து நின்றுவிட்டது.

4. அக்கா தொலைபேசியில் என்னிடம், "வயித்தை முன்னாடி அனுப்பிட்டோம்டி, வாய் இங்கேயே நிக்குது" என்றார். சிரித்தோம். அவருக்குப் பின்னால் பால் வண்டியும் பள்ளிப் பேருந்தும் வந்து நின்றுவிட்டன. அவற்றை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு அனுப்பி, தானும் பின்னோக்கியே வெளியேறி, அணைக்கட்டுச் சாலை வழியாகச் சுற்றி வர அக்கா புறப்பட்டார். ஏற்றி வைத்த ஹெட்டரில் கதிரை உள்ளே இழுக்கும் சுழல்சட்டம் காற்றில் தானாக மெல்லச் சுற்றி, பனியை வாரி வாரி விட்டுக்கொண்டிருந்ததாம். பதற்றத்திலும் தான் அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றதாக அக்கா பின்னர் சொன்னார்.

5. நான் விளைந்த வயலின் ஓரத்தில், வாயில்லாத இயந்திரத்தின் மேல் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியது. காற்றில் கதிர்கள் சாய்ந்து எழுந்து சாய, நான் உட்கார்ந்த இடம் அசைவதாகவும் வயல் அசையாமல் நிற்பதாகவும் தோன்றியது. கண் சொருகியபோது, நெல் தானாகவே நடந்து வந்து இயந்திரத்துக்குள் இறங்குவதைக் கண்டேன். விழித்துப் பார்த்தால் ஒரு கதிரும் நகரவில்லை. தையல்காரர் வரப்பில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

6. அக்கா வந்து சேரும்போது மேகம் இறங்கிவிட்டது. ஹெட்டரை மாட்டி வெட்டத் தொடங்கினோம். பாதி வயல் முடிந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மறுபாதி சேற்றில் படுத்து முளைவிட்டுவிட்டது.

7. அன்றிரவே கம்பங்களைப் பிடுங்கச் சொல்லித் தங்களுக்கு எழுத, தையல்காரர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்தேன். தையல்காரர் தடுத்துவிட்டார். லாரி ஒன்று பாலத்தில் தம் மனைவியின் காலை நசுக்கிய பிறகு, வண்டிகள் மெதுவாகத் திரும்பட்டும் என்று தங்களிடம் நடையாய் நடந்து அவற்றை நட வைத்தவரே அவர்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "நெல்லு போனா அடுத்த வருஷம் வரும்மா. கம்பத்தை எடுக்கச் சொல்லாதீங்க" என்றார். பேனாவை மூடிவிட்டேன்.

8. ஆகவே ஐயா, கம்பங்கள் இருக்கட்டும். ஒன்றை மட்டும் பூட்டுடன் கழற்றும்படி மாற்றி, சாவியை, பாலத்தைப் பார்த்துக்கொள்ளத் தங்கள் அலுவலகம் வைத்திருக்கும் காவலரிடம் கொடுத்து, அறுவடைக் காலத்தில் ஹெட்டர் வண்டிகள் வரும்போது மட்டும் திறந்துவிட ஆவன செய்ய வேண்டுகிறோம். வளைவுக்கு முன்பே இடைவெளியின் அளவைப் பலகையில் எழுதி வைத்தால், எங்களைப் போல் இன்னொருவர் வந்து மாட்டிக்கொள்ள மாட்டார். வடகரையில் மறுபடி நாற்று விட்டிருக்கிறார்கள்; அது விளைவதற்குள் செய்து தந்தால் உதவியாக இருக்கும்.

9. கழற்றும்படி அமைப்பது, தென்கரையிலிருந்து வரும்போது வலப்பக்கம் உள்ள கம்பமாக இருக்கட்டும். தையல்காரரின் மனைவி இப்போது கோலூன்றி மாலைகளில் பாலத்தைக் கடந்து இம்முனை வரை நடக்கிறார். இடப்பக்கக் கம்பத்தைப் பிடித்து நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் திரும்புகிறார். அது அசையாமல் இருக்க வேண்டும்.

இடம்: தென்கரை
நாள்: பிப்ரவரி 9

இப்படிக்கு,
தங்கை (ஒப்பம்)
அக்கா (ஒப்பம்)
வடகரைத் தையல்காரர் (ஒப்பம்)