சாந்தம்மாளுக்கு ஒரு ரப்பர் மெத்தை

தாது வருடம், ஆடி 3

காலையில் தேயிலை ஃபாக்டரியில் கொழுந்து உருட்டும் மெசின் நின்றுபோனது. நான் போய் ஒரு தட்டுத் தட்டினேன். ஓடிவிட்டது. அதே சமயத்தில் மெக்கானிக்கும் உள்ளே கைவிட்டு ஏதோ திருகிக்கொண்டிருந்தார் என்பதையும் எழுதிவிடுகிறேன். பிறர் உழைப்பை மறைப்பவன் அல்ல இந்தக் குருசாமி.

சாயங்காலம் சாந்தம்மாளைப் பார்க்கப் போனேன். என் அக்கா மகள். அக்கா போன பிறகு அவளுக்குத் தாயும் மாமனும் நான் ஒருவனே. ஆனித் தொடக்கத்தில் கொழுந்துக் கூடையோடு சரிவில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அன்றிலிருந்து தொழிலாளர் லயத்து வீட்டில் மல்லாந்து கிடக்கிறாள். பலகைக் கட்டில், அதன்மேல் நான் கம்பத்திலிருந்து வாங்கிவந்த இலவம்பஞ்சு மெத்தை. கம்பத்து வெயிலில் அது மெத்தைதான். ஏலப்பாறை மழையில் பஞ்சு எத்தனை நாள் பஞ்சாக இருக்கும்? ஈரம் குடித்து, கட்டி கட்டியாகத் திரண்டு, பூசணம் பூத்துவிட்டது. நடு ஆற்றில் கல்மேல் படுத்த மாதிரி கிடக்கிறாள் பிள்ளை.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டும் டிரசர் சுவக்கீன் வந்து அவளை மெள்ளப் புரட்டிப் பார்த்தார். முதுகின் அடியில் இரண்டு இடத்தில் தோல் கழன்றிருக்கிறது. என்னை வெளியே கூப்பிட்டார்.

"எலும்பு தானா கூடிரும் குருசாமி. இந்தப் படுக்கைப் புண்ணுதான் எனக்குப் பயம். எலும்பு வரைக்கும் எறங்கி, காச்சலும் கண்டுருச்சுன்னா..."

பிறகு சொன்னார். "ஈரம் குடிக்காத மெத்தை வேணும்யா, அமுங்கிக் குடுக்குற மாதிரி. பெரிய ஆஸ்பத்திரில ரப்பர்ல வச்சிருக்கான். நமக்கு ஏது?"

"ரப்பர் மெத்தையா? நான் படுத்தே பாத்திருக்கேனே," என்றேன்.

போன வருடம் மேல் பங்களா துரைக்கு லண்டனிலிருந்து ரப்பர் பால் மெத்தை வந்தபோது, அதை மலைமேல் தூக்கிப் போன நாலு பேரில் நான் ஒருவன். தலையில் சுமந்தவன் பாதி படுத்தவன்தானே.

உள்ளே போய் சாந்தம்மாளிடம் சொல்லிவிட்டேன். "ஒனக்கு ரப்பர் மெத்தை வருது தாயி. ஆவணி பொறக்குறதுக்கு முந்தி."

"கூட ஆனையும் வருமா மாமா?" என்றாள். சிரித்தது வலித்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் புருசன் சுருளிவேல் மூலையில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தான். அதிகம் பேசாத பையன். என்னை நிமிர்ந்து பார்த்தான். அவன் நம்பிவிட்டான்.

வாக்குக் கொடுத்தாயிற்று.


ஆடி 8

கோட்டயத்துக்குப் போகும் லாரிக்காரரிடம் விலை விசாரிக்கச் சொல்லியிருந்தேன். கடைக்காரன் சொன்ன விலையில் இரண்டு கறவை மாடும் அவற்றுக்கு ஒரு தொழுவமும் வாங்கலாம். அதுவும் சரக்கு கையில் இல்லையாம், கப்பலில் வரவழைக்க வேண்டுமாம்.

என் வீட்டுக்காரி மூக்கம்மாளிடம் சொன்னேன். "கப்பல ஏலப்பாறைக்கே வரச் சொல்லிருங்க. ஒங்களுக்காகன்னா வரும்," என்றாள்.

இந்த ஜென்மத்தில் நான் எடுத்த காரியம் எதையும் விட்டதில்லை. விட்ட காரியங்கள் எல்லாம் நான் சரியாக எடுக்காதவை.


ஆடி 9

மூளை வேலை செய்துவிட்டது. ரப்பர் மெத்தை எதனால் ஆனது? ரப்பர் பாலால். ரப்பர் பால் எங்கே இருக்கிறது? மலை இறங்கினால் முண்டக்கயத்தில், மரத்துக்கு மரம். இங்கே சுரக்கிற பாலை லண்டனுக்கு அனுப்பி, அவன் உறையவைத்துத் திருப்பி அனுப்பினால் நாம் மாட்டு விலை கொடுக்க வேண்டுமாம். பாலை உறையவைக்கத் தெரியாதவர்களா நாம்?


ஆடி 11, ஞாயிறு

முண்டக்கயத்தில் அமிர்தநாதன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறான். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள், சொன்னால் தட்டமாட்டான். மழை விட்ட நாளில் எடுத்த பாலை ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஊற்றிக் கொடுத்தான். கொடுத்துக்கொண்டே கேட்டான்.

"அண்ணாச்சி, என்ன செய்யப் போறீக?"

"மெத்தை."

தகரத்தைக் கீழே வைத்தான். "நாங்க உறை ஊத்துனா தகடுதான் வருது. வெள்ளைக்காரன் அதுக்குள்ள காத்தைப் பிடிச்சு நிப்பாட்டுதான்னு சொல்லுதாவ. அந்த வித்தை இங்க யாருக்கும் தெரியாது."

"நுரைதானடா காத்து. மூக்கம்மா மோர் கடைஞ்சு நீ பாத்ததில்லையே."

மலை ஏறி வந்து சேர்ந்தவுடன் தாமதிக்கவில்லை. பெரிய அண்டாவில் ஊற்றி மத்தைப் போட்டுக் கடைந்தேன். என்ன நுரை. பொங்கல் பானை மாதிரி எழும்பி வந்தது. லயத்துச் சனம் முழுவதும் வாசலில் நின்று பார்த்தது. தேயிலைப் பெட்டிப் பலகையால் நான் அடித்துவைத்திருந்த சட்டத்துக்குள் ஊற்றி, பால் உறைய அமிர்தநாதன் கொடுத்திருந்த புளிப்புத் தண்ணீரைத் தெளித்து மூடிவிட்டேன்.

நாளைக்கு இந்த மலையில் ரப்பர் மெத்தை செய்த முதல் தமிழன் எழுந்திருப்பான்.


ஆடி 12

நுரை இறங்கிவிட்டது. சட்டத்துக்குள் இருப்பது ஆட்டுக்கல் மாதிரி ஒரு கட்டி. நாற்றம் மூன்று லயம் தள்ளி அடிக்கிறது. மத்து அதற்குள் போய் உறைந்துவிட்டது, பிடி மட்டும் வெளியே தெரிகிறது.

"மோரு கடையிற மத்துக்கு ரப்பர்ல செருப்புத் தச்சுட்டீக," என்றாள் மூக்கம்மாள். "பாவம், அதுவும் மழையில எம்புட்டு நாள் வெறுங்காலோட நிக்கும்."


ஆடி 13

மத்து வரவில்லை.


ஆடி 14

கத்தியால் அறுத்தாலும் கவ்விப் பிடிக்கிறது. கோபத்தில் கத்தியைத் தண்ணீர் வாளிக்குள் எறிந்தேன். எடுத்து ஈரத்தோடு அறுத்தால் வெண்ணெய் மாதிரி இறங்குகிறது. இதை நானே கண்டுபிடித்தேன். அமிர்தநாதனுக்கு முன்பே தெரிந்திருக்கலாம், ஆனால் அவன் என்னிடம் சொல்லவில்லை அல்லவா.

மத்து மீண்டது. மெத்தைதான் இல்லை.


ஆடி 16

சாந்தம்மாளுக்குக் காய்ச்சல்.

சுவக்கீன் புண்ணைக் கழுவும்போது நான் கதவுக்கு வெளியே நின்றேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. கழுவி முடித்து வெளியே வந்த சுவக்கீன் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், என்னைப் பார்க்கவில்லை.

உள்ளே போனேன். "மெத்தை எங்க வரைக்கும் வந்திருக்கு மாமா?" என்று கேட்டாள். கண் சிவந்து கிடக்கிறது. நான் என்ன சொல்ல? "குட்டிக்கானம் தாண்டிருச்சு தாயி" என்றேன். "வழியில மழை."

"மெதுவா வரட்டும்," என்றாள்.

மெதுவா வரட்டுமாம். ஏண்டா குருசாமி, ஒன் வாய்க்கு ஒரு பூட்டுக் கெடையாதா? இல்லை. பூட்டினால் மட்டும் மெத்தை வந்துவிடுமா? சொன்னதைக் கொண்டுவந்து சேர்ப்பது ஒன்றுதான் வழி. சேர்க்கத்தான் போகிறேன்.


ஆடி 18, ஞாயிறு

மேல் பங்களா பட்லர் சென்னிமலை, கடைத்தெருவில் என் கையைப் பிடித்துக்கொண்டார். பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர்ப் பக்கத்து மனிதர், மரியாதை தெரிந்தவர்.

"ஏனுங்க குருசாமியண்ணா, சேதி தெரியுமுங்களா? எங்க தொரை சீமைக்கே போறாருங்க. ஊட்டுச் சாமான் பூராவும் நாளான்னிக்கு ஏலமுங்க."

"மெத்தை?"

"அதுந்தானுங்க. நாந்தான் தினமும் தட்டி விரிக்கிறேன், புதுசாட்டவே இருக்குது. அன்னிக்கு வாங்க, தொட்டுப் பாருங்க. ஆனா ஒக்காந்து போடாதீங்க, என்ற வேலை போயிருமுங்க."

வீட்டுக்கு வந்து என் கையிருப்பை எடுத்து வைத்தேன். மூக்கம்மாள் அரிசிப் பானைக்குள் கைவிட்டு ஒரு துணி முடிச்சை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அவள் காதுக்கு வாங்கச் சேர்த்தது. இரண்டும் சேர்ந்து இருபத்திரண்டு ரூபாய். ஒரு ராஜா ஏலம் எடுக்கப் போகிற தொகைதான் இது, சின்ன ராஜாவாக இருந்தால்.


ஆடி 20

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பங்களா வராந்தாவில் சாமான்களைப் பரப்பியிருந்தார்கள். துரை ஒரு நாற்காலியில் சுருட்டோடு உட்கார்ந்திருந்தார். மெத்தையை முதல் ஆளாகத் தொட்டேன். உள்ளங்கையால் அமுக்கினால் அமுங்குகிறது, எடுத்தால் எழுந்துகொள்கிறது. அடிப்பக்கம் தேன்கூடு மாதிரி குழி குழியாகக் காற்றோட்டம். அந்த இரண்டு புண்ணும் என் கண்முன் வந்தன. இதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஏலம் பத்து ரூபாயில் தொடங்கியது. நான் பன்னிரண்டு என்றேன். கோட்டயத்து ஓட்டல் முதலாளி ஒருவர், தங்கப் பொத்தான் போட்டவர், இருபது என்றார். நான் இருபத்திரண்டு. அவர் முப்பது. நான் முப்பத்தொன்று என்று கேட்டுவிட்டேன், எந்தத் தைரியத்தில் என்று தெரியவில்லை. நல்லவேளை, அவர் நாற்பது என்றார். சுத்தியல் விழுந்தது.

ஏலம் போட்டவர் அடுத்த சாமானுக்குப் போய்விட்டார். கூட்டமும் நகர்ந்தது. எனக்குக் கால் நகரவில்லை. சாந்தம்மாளிடம் எந்த முகத்தோடு போவது? அங்கேயே நின்றேன். நின்றதால்தான் பார்த்தேன். அகலமான தேக்குக் கட்டிலை வேறொருவர் எடுத்திருந்தார். முதலாளி எடுத்தது ஒற்றையாள் இரும்புக் கட்டில். அதன்மேல் மெத்தையைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். மெத்தை இரண்டு பக்கமும் தொங்கியது.

போய் நின்றேன். "முதலாளி, மெத்தை நாக்கைத் தொங்கப்போட்டு நிக்குதே."

"அது மடக்கி வைக்காம்," என்றார்.

"ரப்பர் மடங்காதுங்கய்யா. மடக்கினா அது நிமிரத்தான் பாக்கும். படுத்த விருந்தாளிய உருட்டிக் கீழ தள்ளிட்டு அப்புறம் நிமிரும்."

"நீ ஆரா?"

"ரப்பர் மெத்தை செய்யுறவன்."

பொய் இல்லை. செய்தேன். வந்ததா என்று அவர் கேட்கவில்லை.

முதலாளி ஒரு மூலையை மடக்கிப் பார்த்தார். அது நிமிர்ந்துகொண்டது. யோசித்தார். "கட்டிலுக்கு வெளிய நிக்கிறதை அறுத்து நான் எடுத்துக்கிறேன்," என்றேன். "ஒரு பக்கமா நகத்தி வச்சா ஒரே துண்டா வரும். ஒங்களுக்குக் கட்டிலளவு, எனக்கு மிச்சம். ஒங்க பணத்துல ஒரு பங்கும் திரும்பி வந்துரும்."

"முறிச்சா கேடாவில்லே?"

"முறிக்கல முதலாளி, அறுக்கிறேன். கேடு வராது."

சென்னிமலை சமையல்கட்டிலிருந்து இறைச்சிக் கத்தியும் ஒரு சட்டித் தண்ணீரும் கொண்டுவந்தார். கத்தியை நனைத்து நனைத்து, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை கோடு போட்ட மாதிரி அறுத்தேன். துரைகூட எழுந்துவந்து பார்த்தார். முதலாளி தன் பங்கின் ஓரத்தைத் தடவிவிட்டு, "எனக்குக் கட்டிலோளம் மதி," என்றார், கட்டிலளவு போதுமாம். பதினைந்து என்றேன், இருபது என்றார், பதினெட்டில் நின்றது.

மூன்று சாணுக்குக் கொஞ்சம் குறைந்த அகலம், ஆள் நீளத்துக்கு மேலே நீளம். மெலிந்த பெண் ஒருத்தி படுக்க அது போதும்.

மழையில் சுருட்டி, மேலே என் கம்பளியைச் சுற்றித் தலையில் வைத்துக் கொண்டுவந்தேன். நான் முழுக்க நனைந்தேன், மெத்தை நனையவில்லை. மூக்கம்மாள் விரித்துப் பார்த்தாள், ஒரு விரலால் அமுக்கினாள். தன் பழைய சேலையைக் கிழித்து உறை தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

உறை மாட்டி எடுத்துப் போய், நானும் சுருளிவேலும் பிள்ளையைப் போர்வையோடு தூக்க, மூக்கம்மாளும் சுவக்கீனும் மெத்தையைக் கீழே விரித்தார்கள். சாந்தம்மாள் கண்ணை மூடி இருந்தாள். இறக்கிவிட்டபின் கண்ணைத் திறந்தாள்.

"மாமா, நான் எதுமேல கெடக்கேன்? ஒன்னுமே உறுத்தலையே," என்றாள்.

சுவக்கீன் என்னை விடவில்லை. "மெத்தை வந்துருச்சுன்னு புரட்டாம விட்றாதீக. ராவும் பகலும் ஆள் மாத்தி ஆள் புரட்டணும்."

"அதுக்குத்தான் நான் இருக்கேனே," என்றாள் மூக்கம்மாள். அது உண்மை. நான் இருப்பதைவிட அவள் இருப்பது அதிகம்.


ஆடி 23

காய்ச்சல் இன்னும் விடவில்லை. ஆனால் தூங்கினாள்.


ஆடி 26

இன்று காய்ச்சல் இல்லை.


ஆவணி 5

புண்ணின் ஓரம் காய்ந்து புதுத்தோல் வருகிறது. சுவக்கீன் என் முதுகைத் தட்டினார். மெத்தைக்கு நான் தேர்ந்தெடுத்த ரப்பர் ரகத்தால்தான் புண் ஆறுகிறது என்று அவருக்கு விளக்கினேன். "ரகம் துரை தேர்ந்தெடுத்ததுய்யா," என்றார். அறுத்தது யார் என்று கேட்டேன். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.


புரட்டாசி 2

உட்கார்ந்தாள். சுருளிவேல் ஓடிவந்து சொன்னான். அவன் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.


ஐப்பசி 9

மலைக்குக் கொழுந்தெடுக்கப் போக இன்னும் நாளாகும். அதனால் சாந்தம்மாளுக்கு ஃபாக்டரியில் உட்கார்ந்து தேயிலையில் கலந்த குச்சி பொறுக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். கம்பு ஊன்றி வந்தாள். நான் சல்லடை மெசினுக்கு இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, குரல் மட்டும் கேட்கும்.

"எங்க மாமா அன்னைக்குப் போயி நிக்காரு. சுத்தி நாலு வெள்ளக்காரன். இவரு கத்தியத் தலைக்கு மேல ஓங்கிட்டாரு. 'பாதி ஒனக்கு, பாதி எம் மருமகளுக்கு'ன்னு ஒரே போடு. கோட்டயத்து மொதலாளிக்குத் தங்கப் பொத்தான் தெறிச்சு ஓடிருச்சு."

"நெசமாவாடி?" என்றது ஒரு குரல்.

"அந்தப் பாதியிலதான நான் கெடந்து எந்திரிச்சேன்."

வெள்ளைக்காரர் ஒருவர்தான், அவரும் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். பொத்தான் எதுவும் தெறிக்கவில்லை. விவரம் தெரிந்தவன் நான் ஒருவன் இருக்கிறேனே, சொல்லிவிடுவோம் என்று தடுப்பைச் சுற்றிப் போனேன்.

மெத்தையின் அகலம் எவ்வளவு என்று அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் போதாமல், இடுப்பைத் திருப்பி, பின்னால் இருந்த சுவர் வரைக்கும் கையை நீட்டினாள். முகத்தில் வலி இல்லை.

அவ்வளவு அகலம்தான் என்று வைத்துக்கொள்ளலாம். திரும்பி வந்து என் வேலையைப் பார்த்தேன்.