இடது பக்கத்து பிரேக்

14 மே, புதன்

பதவி உயர்வுக் கடிதம் வந்துவிட்டது. பதினாறு வருடம் கணக்கு டீச்சர், இனி தலைமையாசிரியை! பள்ளி பரங்கிப்பேட்டையைத் தாண்டி ஒரு கிராமத்தில். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, இரண்டும் பள்ளி நேரத்துக்கு உதவாது. திங்கட்கிழமைக்குள் ‘சேர்கிறேன்’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ எழுதித் தரவேண்டும்.

வீட்டுக்காரர் படித்துவிட்டு மடித்து வைத்தார். “பஸ் இல்லாத ஊருக்கு எப்படிப் போவ? வேணாம்னு எழுதிக் குடுத்துடு.”

கார் வாசலில்தான் நிற்கிறது.

15 மே

எனக்கு லைசென்ஸ் கிடைத்து ஆறு வருடம். ஆனால் டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டரின் காலடியிலும், இடது பக்கம், ஒரு பிரேக், ஒரு கிளட்ச். டெஸ்டில் பாஸானது நானா, அவர் காலா? இன்றுவரை சந்தேகம்.

16 மே

‘காரை நானே ஓட்டிக்கொண்டு போகட்டுமா’ என்று கேட்டேவிட்டேன். “அந்த ரோட்டுல லாரி ஜாஸ்தி,” என்றார். அதோடு சரி. நாளை ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போகிறார், ரயிலில்.

17 மே, சனி

மணி பதினொன்று, இன்னும் தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்!

கூட வேலை செய்யும் ஜான்சியும் கயல்விழி அக்காவும் காலையில் வந்தார்கள். மூன்று பேரும் பஸ்ஸில் போய் அந்தப் பள்ளியைச் சும்மா பார்த்துவிட்டு வருவதாகத்தான் பேச்சு. கிளம்புகிற நேரத்தில் ஜான்சி ஆணியிலிருந்து கார் சாவியை எடுத்தாள்.

“இது என்ன சாமி படமா? மாட்டி வச்சிக் கும்புடுறீங்க?”

ஏறிவிட்டோம். யோசித்திருந்தால் ஏறியிருக்க மாட்டேன்.

செம்மண்டலத்தைத் தாண்டுவதற்குள் வண்டி இரண்டு முறை நின்றது. குடிகாட்டில் டேங்கர் லாரிக்குப் பின்னால் கெமிக்கல் நாற்றத்தோடு ஊர்ந்தோம். பின் சீட்டில் அக்கா தேவாரத்தை ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. முட்லூரில் இடப்பக்கம் திரும்பினோம்.

பரங்கிப்பேட்டைக்கு முன்னால் ஒரு பாலத்தின் ஏற்றத்தில் எதிரே மாடு. நிறுத்தினேன். கிளம்பும்போது இஞ்சின் அணைந்துவிட்டது. வண்டி பின்னால் உருள்கிறது, பின்னால் பஸ், ஹாரன் — ஐயோ, என்ன பண்ணுவேன்? பக்கத்து சீட்டில் ஜான்சி “பிரேக்கு! பிரேக்கு!” என்று கத்திக்கொண்டே தன் காலடித் தரையை உதைக்கிறாள். அங்கே என்ன இருக்கு? ஒண்ணுமே இல்லை. அப்போதுதான் உறைத்தது, இந்த வண்டியில் இருப்பது ஒரே ஒரு பிரேக். அது என் காலுக்குக் கீழே.

மிதித்தேன். நின்றது. ஹேண்ட்பிரேக் போட்டேன், சாவியைத் திருகினேன், கிளட்சை மெதுவாக விட்டு ஹேண்ட்பிரேக்கை இறக்கினேன். ஏறிவிட்டது! “ஏறிடுச்சுடி!” என்று அக்கா தேவாரத்தை விட்டுவிட்டுக் கத்தினார்.

பள்ளி சின்னதுதான். நான்கு வகுப்பறை, பூவரச மரங்கள், சுவருக்கு அந்தப் பக்கம் அலைச் சத்தம். வாட்ச்மேன் கேட்டார்: “புது எச்சம்மா நீங்கதானா?” எச்.எம். அம்மா அவர் வாயில் எச்சம்மா. ஆமாம் என்று என் வாய் தானாகச் சொன்னது.

அங்கிருந்து வீட்டுக்குத் திரும்ப யாருக்கு மனசு வரும்? பிச்சாவரத்தில் படகு, சிதம்பரத்தில் இட்லியும் கொத்சும். சாப்பிடும்போது அவர் போன்.

“எங்க இருக்க?”

“சிதம்பரத்துல. கார்ல வந்தோம்.”

“யார் ஓட்டுனது?”

“நான்தான்.”

“வண்டிக்கு ஒண்ணும் ஆவலயே?”

வண்டிக்கு! எனக்கு ஒண்ணும் ஆவலயான்னு ஒரு வார்த்தை கேட்டா வாய் வலிக்குமா? அப்படியே வெச்சிட்டேன் போனை. இன்னும் ரெண்டு இட்லி வாங்கிச் சாப்பிட்டேன்.

இதையும் எழுதியாக வேண்டும்: அவ்வளவு தூரம் ஓட்டிவிட்டு, கடைசியில் எங்கள் வீட்டு கேட்டில்தான் இடித்தேன்.

18 மே

சென்னையிலிருந்து வந்ததும் அவர் முதலில் கீறலைத்தான் பார்த்தார். குனிந்து விரலால் தடவினார். “பாலத்துல அணைஞ்சிதாமே, ஜான்சி சொன்னாங்க. அப்புறம் எப்படி எடுத்த?” பாலத்திலிருந்து வாட்ச்மேனின் ‘எச்சம்மா’ வரை சொன்னேன். முழுசாகக் கேட்டார்.

19 மே, திங்கள்

‘சேர்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

2 ஜூன், திங்கள்

முதல் நாள். “தொணைக்கு வரேன்,” என்று லீவு போட்டுவிட்டு அவராகவே இடது பக்கம் ஏறினார். மடியில் என் சாப்பாட்டுப் பை.

வழியெல்லாம் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவர் வலது கால் வண்டித் தரையை அழுத்துவதைப் பார்த்தேன். அந்தப் பாலத்தின் ஏற்றத்தில் இரண்டு காலாலும் அழுத்தினார்.

“அங்க பிரேக் இல்லைங்க,” என்றேன்.

“தெரியும்,” என்றார். “நீ ரோட்டப் பாரு, எச்சம்மா.”