கோதாவரியில் உன் மகள் எடுத்த முடிவு

என் கஸ்தூரி அக்கா,

உன் பெயரை எழுதினால் இன்னும் கை நின்றுவிடுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். உன் மகளைப் பற்றிய சேதி இது.

நாம் இரண்டு பேரும் ஆந்திரா எல்லையில் இருக்கும் நகரிக்காரிகள். பழக்கமானதோ குவைத்தில், அடுத்தடுத்த வீடுகளில் வேலைக்கு இருந்தபோது. மாடியில் துணி காயப்போடும்போது, "நம்மூர்ல இன்னாடி கீது, கல்லும் வெயிலும்தான்" என்பாய். நானும் தலையாட்டுவேன். நகரியையும் சென்னை ஏர்போர்ட்டையும் தவிர நாம் எதைப் பார்த்திருந்தோம்?

அங்கேயே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. உன் உடல் இருந்த பெட்டியோடு ஊருக்கு வந்த நான் திரும்பிப் போகவில்லை. திருச்சானூரில் ஒரு லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்கிறேன். உன் மலர் என்னோடுதான் இருக்கிறாள். ஸ்ரீசிட்டியில் செல்போன் கம்பெனியில் வேலை.

போன மாதம் ஒருநாள் வந்து, "நானும் குவைத் போறேன் சித்தி. ஏஜெண்டு விசா ரெடின்றான்" என்றாள்.

நான் கத்தவில்லை. "போ. அதுக்கு முன்னாடி என்கூட ஒரு எடத்துக்கு வா" என்றேன். லாட்ஜுக்கு வந்த ஒரு குடும்பம் போனில் காட்டிய கோதாவரி மனசிலேயே இருந்தது.

ரேணிகுண்டாவில் ரயில் ஏறி ராஜமுந்திரி போனோம். அங்கிருந்து பாபிகொண்டலு மலைகளுக்குப் போகும் லாஞ்ச் படகு. முதலில் ஆறு கரை தெரியாமல் அகன்று கிடந்தது. போகப் போக இரண்டு பக்கமும் மலைகள் நெருங்கி வந்தன. பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூட ஓரத்துக்கு வந்து பார்த்தபடி நின்றார்கள். அக்கா, இதுவும் நம் ஆந்திராதான். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இதைப் பார்க்காமலே உன்னை ஏன் குவைத்துக்குப் போகவிட்டார்கள்?

லாஞ்ச் நின்ற மணல் திட்டில், மூங்கிலுக்குள் வைத்துச் சுட்ட கோழி விற்ற பெண், "ஏ ஊரம்மா?" என்று தெலுங்கில் கேட்டாள். குவைத்தில் யார் கேட்டாலும் 'இந்தியா' என்று சொல்லிப் பழகிய வாய். "சித்தூரு பக்கம்" என்றேன். "மனவாள்ளே" என்று இன்னொரு துண்டு வைத்தாள். நம்ம ஆளுங்கதானாம். அந்தத் துண்டை மலரோடு பங்குபோட்டேன்.

திரும்பும்போது மலர் கம்பியைப் பிடித்தபடி கேட்டாள். "அம்மா இத ஒரு வாட்டிகூட பாக்கலல்ல?"

"இல்ல."

"எனக்குப் பாத்துக்கினே இருக்கணும் போல கீது சித்தி."

கரையில் சிக்னல் வந்ததும் அவளே ஏஜெண்டுக்குப் போன் போட்டாள். "அண்ணா, நான் வரல. பாஸ்போர்ட்ட வந்து வாங்கிக்கிறேன்." அவன் என்னென்னவோ பேசினான். "வரலன்னா வரல" என்று வைத்துவிட்டாள். அப்படியே உன் குரல்.

கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. இன்று காலையிலும் ஷிப்டு பஸ்ஸுக்கு ஓடினாள். ஆனால் டிப்ளமோ சேரப்போகிறேன் என்கிறாள். சேர்த்துவிடுவேன்.

அவள் எங்கும் போகக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆசைப்பட்டால் உலகத்தையே சுற்றட்டும். வேறு வழியில்லை என்று மட்டும் அவள் ஒருநாளும் விமானம் ஏறமாட்டாள். அதற்கு நான் பொறுப்பு.

கூடப் பிறக்காத உன் தங்கச்சி,
செல்வி