பன்னிரண்டு நிமிடம்

ஜூன் 3

மதிப்பிற்குரிய ஐயா,

‘நமது தீவின் புகழ்பெற்றோர்’ நூலின் இரண்டாம் பதிப்பில் தங்களைச் சேர்க்கக் குழு ஒருமனதாக முடிவு செய்துள்ளது. ஊரார் படகைத் தவறவிடக்கூடாதென்று மணிக்கூண்டுக் கடிகாரத்தை யாருக்கும் தெரியாமல் இருபத்திரண்டு வருடம் பன்னிரண்டு நிமிடம் முன்னால் ஓட்டியதற்காக இந்தக் கௌரவம். இதே காரியத்துக்காக அன்று தங்களை வேலையை விட்டு நீக்கிய நகரத் தலைவரே முதலில் கை தூக்கினார். கடிகாரம் சரியான பிறகு அவர் சொந்த மகள் கல்யாணத்துக்கே படகைக் கோட்டைவிட்டார்.

முதல் பதிப்பில் உயிரோடு இருப்பவர்களையும் சேர்த்தோம். வயதை அச்சிட்டதற்காக மருத்துவச்சி குடையோடு அலுவலகத்துக்கு வந்துவிட்டார். எனவே இம்முறை காலமானவர்களும், தீவை விட்டு நிரந்தரமாகப் போனவர்களும் மட்டுமே. ‘இனித் திரும்ப மாட்டேன்’ என்ற உறுதிமொழிப் படிவம் இணைத்துள்ளேன். இருபத்தைந்தாம் தேதிக்குள் கையெழுத்திட்டு அனுப்பவும்.

இப்படிக்கு,
செயலாளர், நகர வரலாற்றுக் குழு

ஜூன் 9

மதிப்பிற்குரிய செயலாளர் அம்மா அவர்களுக்கு,

பத்தொன்பது வருடம் குடித்தனம் நடத்தியவனை ‘ஐயா’ என்று எழுத உனக்குக் கை கூசவில்லையா? போகட்டும். என்னை வேலையை விட்டு நீக்கிய கடிதத்தையும் நீதான் தட்டச்சு செய்தாய். முதல் நாளே தெரிந்தும் வாயைத் திறக்காமல், மறுநாள் என் சாப்பாட்டு டப்பாவோடு வைத்து அனுப்பினாய். வேலை போனதுகூட எனக்குப் பெரிதில்லை. நீ சொல்லவில்லையே என்றுதான் அடுத்த படகில் ஏறினேன். ஏழு வருடம் ஆகிவிட்டது.

புத்தகத்தில் வர எனக்கு ஆசைதான், மறைப்பானேன். ஆனால் முழுப் பக்கம் வேண்டும். பல் டாக்டர் பக்கத்தில் போடாதே. என் நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டு ஆடுகிற பல்லை விட்டுவைத்தவன் அவன். புகைப்படம் வீட்டில் இருக்கும். நம் வீட்டுக் கடிகாரம் ஓடுகிறதா?

இப்படிக்கு,
முன்னாள் கடிகாரக்காரன்

ஜூன் 14

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களுக்கு முப்பத்தொன்றாம் பக்கம், முழுதாக. ஒரு பக்கம் நீச்சல்கார நாவிதர், மறுபக்கம் பேண்டு மாஸ்டர். பல் டாக்டர் இன்னும் இங்கேயே உயிரோடு இருக்கிறார், அதனால் கவலை வேண்டாம்.

வீட்டில் இருப்பது ஒரே புகைப்படம். அதில் நாம் இரண்டு பேரும் இருக்கிறோம். என் பாதியை வெட்டிவிட்டு அச்சகத்துக்குக் கொடுக்கலாமா என்று எழுத்தில் தெரிவிக்கவும்.

வீட்டுக் கடிகாரம் ஓடுகிறது, பன்னிரண்டு நிமிடம் முன்னாலேயே. திருத்த ஆள் கிடைக்கவில்லை, வேறு காரணம் ஒன்றுமில்லை.

அந்தக் கடிதத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நாலு தடவை தாளைக் கிழித்துப் போட்டு ஐந்தாவது தடவைதான் அடித்து முடித்தேன். வீட்டுக்கு வந்தால் நீங்கள் சிரித்துக்கொண்டே தேநீர் போட்டுக் கொடுத்தீர்கள். எனக்கு வாய் வரவில்லை. தப்பு என்னுடையதுதான். இதை ஏழு வருடம் முன்பே எழுதியிருக்க வேண்டும்.

படிவத்தை மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்

ஜூன் 20

அன்புள்ள உனக்கு,

புகைப்படத்தை வெட்டாதே.

படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். பெயர், தொழில், பிறந்த தேதி எல்லாம் கடகடவென்று எழுதிவிட்டேன். ‘இனித் திரும்ப மாட்டேன்’ என்ற வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன், அப்போதும் முடியவில்லை. இங்கே எனக்கு என்ன இருக்கிறது? ஒரு அறை, ஒரு ஸ்டவ், சரியான நேரம் காட்டும் ஒரு கடிகாரம். அதைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது.

கையெழுத்துப் போட்டால் முப்பத்தொன்றாம் பக்கம் கிடைக்கும், நீ கிடைக்க மாட்டாய். என் பெயரை அடித்துவிடு. வெள்ளிக்கிழமை காலைப் படகில் வருகிறேன். வேண்டாம் என்றால் அதற்குள் எழுது. கோபித்துக்கொள்ள மாட்டேன், ஆனால் இம்முறை டப்பாவில் வைத்து அனுப்பாதே.

உன்
கடிகாரக்காரன்

ஜூன் 23

என்னங்க,

உங்கள் பெயரை நீக்கும் தீர்மானத்தை இன்று தட்டச்சு செய்தேன். இம்முறை மறைக்காமல் அன்றைக்கே உங்களிடம் சொல்லிவிடுகிறேன். குழுவில் ஒரே ரகளை. ஊருக்கு இவ்வளவு செய்தவன் இப்படிக் காலை வாரிவிட்டானே என்று தலைவர் புலம்பினார். முப்பத்தொன்றாம் பக்கத்துக்கு ஆள் தேடுகிறார்கள். பல் டாக்டர், தானே ஊரை விட்டுப் போகத் தயார் என்று மனு கொடுத்திருக்கிறார். ஊரே அதை ஆதரிக்கிறது.

வெள்ளிக்கிழமை படகு பத்து மணிக்கு இங்கே வரும். நான் நம் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கிளம்புவேன். நீங்கள் வரும்போது பன்னிரண்டு நிமிடமாகத் துறையில் நின்றுகொண்டிருப்பேன்.

உங்கள்
வீட்டுக்காரி