இருபது நொடி

ஜூன் 12
ஏழாம் வகுப்புக்கு இன்று திரையில் வினாடி வினா. ஆளுக்கொரு டேப்லெட், கேள்விக்கு நான்கு பொத்தான், இருபது நொடி. பாடம் பின்னம். இருபத்தோரு வருடமாகப் பின்னம் நடத்துகிறேன், ஒருவரும் கைதட்டியதில்லை. இன்று தட்டினார்கள். எனக்கல்ல, திரைக்கு. இருந்தாலும் பிடித்திருந்தது.

பட்டப்பெயர் வைத்துக்கொண்டுதான் ஆட வேண்டுமாம். சிங்கம், மின்னல், பரீட்சைக்கு எமன். ஜன்னலோரம் உட்காரும் பெண் ‘வரேன் இரு’ என்று வைத்திருந்தாள். கடைசி இடம் அவளுக்குத்தான்.

ஜூன் 13
வீட்டில் சொன்னேன். “இனிமே நீ டீச்சர் இல்ல, டிவில போட்டி நடத்துறவ” என்கிறார் கணவர்.

ஜூன் 24
கணக்கில் பின்தங்கிய ஐந்து பேரைச் சி பிரிவுக்கு மாற்றப் பட்டியல் கேட்டார் தலைமையாசிரியை. சி பிரிவில் பாதிப் பாடம்தான் நடக்கும். அங்கே போன யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. “உங்களுக்கென்ன டீச்சர், எல்லா மார்க்கும் கம்ப்யூட்டர்லயே இருக்கே!” என்றார்.

மூன்று ஆட்டத்துப் புள்ளிகளைக் கூட்டி, கீழிருந்து ஐந்து பெயர் எடுத்தேன். முதல் பெயர் ஜன்னலோரப் பெண். பத்து நிமிட வேலை. முன்பெல்லாம் இதற்கு மூன்று நாள் விடைத்தாள்களோடு மாரடிப்பேன்.

ஜூன் 28
பட்டியல் கொடுத்தாயிற்று.

ஜூலை 3
ஜன்னலோரப் பெண்ணின் அம்மா வந்தார். தையல்காரர். கழுத்தில் அளவு நாடா, கழற்ற மறந்து அப்படியே வந்திருக்கிறார். “எம் பொண்ணுக்குக் கணக்கு வராதா டீச்சர்? என் அளவு நோட்டுல தப்பு இருந்தா அவதான் கண்டுபிடிப்பா.”

புள்ளிகளைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று எழுந்துவிட்டார். சண்டை போட்டிருந்தால் தேவலை.

ஜூலை 4
அந்த அளவு நோட்டுப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. காலையில் ஆட்ட அறிக்கையின் இரண்டாவது பக்கத்தைத் திறந்தேன். யார் எந்தக் கேள்விக்கு என்ன பதில் தந்தார்கள் என்று அதில் இருக்கிறது. இதுவரை திறந்ததே இல்லை.

‘வரேன் இரு’: பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. இரண்டாம் ஆட்டத்திலும் பன்னிரண்டு. மூன்றாவதில் பதினொன்று, ஒரு கேள்விக்கு நேரம் முடிந்துவிட்டது. முதலிடம் வந்த மின்னல் எட்டைத் தாண்டவே இல்லை.

சரியான பதிலுக்கு நூறு புள்ளி, நொடிக்கு ஐந்து குறையும். அவள் பதினெட்டு, பத்தொன்பதாவது நொடியில்தான் அழுத்தியிருக்கிறாள். கிடைத்தது ஐந்தும் பத்தும். அந்த அமைப்பைத் தேர்ந்தெடுத்தது நான்தான், வகுப்பு கலகலப்பாக இருக்கட்டும் என்று.

என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேன் நான்? வேகத்தப் போய் மார்க்குனு நெனச்சு — ஒரு பக்கம் தள்ளிப் பாக்க எவ்வளவு நேரமாயிருக்கும்? அவ ஏன் ஒரு வார்த்தை கேக்கல? ஏன் கேக்கணும், பாக்க வேண்டியது நானில்லையா?

ஜூலை 5
தலைமையாசிரியையிடம் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். “பட்டியல் மேல போயாச்சு டீச்சர். ஒருத்திய மட்டும் எடுத்தா மத்தவங்க வீட்ல சும்மா இருப்பாங்களா? அரையாண்டுப் பரீட்சை வரட்டும், பாத்துக்கலாம்.” எழுத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.

அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு போன் செய்தேன். தையல் மெஷின் சத்தம் நின்றது. “அப்போ அவளுக்குக் கணக்கு வருமா டீச்சர்?”

“நல்லாவே வரும்மா.”

“அய்யோ, சீக்கிரம் சீக்கிரம்னு ரெண்டு நாளா அவளப் போட்டு வாட்டி எடுத்துட்டேனே!”

ஜூலை 8
ஜன்னலோரம் காலி.

ஜூலை 19
நேரக் கணக்கை எடுத்துவிட்டு ஆட்டம் நடத்தினேன். சப்பென்று இருக்கிறதாம். இருக்கட்டும்.

ஆகஸ்ட் 30
இழுப்பறைக் கடிதத்தை இன்றும் நினைவுபடுத்தினேன். ஐந்தாவது முறை. “பாக்கலாம், பாக்கலாம்.”

செப்டம்பர் 18
சி பிரிவு ஆசிரியர் விடுப்பு. நான் போனேன். டேப்லெட்டில் பத்துக் கேள்வி கொடுத்தேன். கடிகாரம் கிடையாது, அவரவர் வேகத்தில் செய்யலாம் என்று இரண்டு முறை சொன்னேன்.

மற்றவர்கள் முதல் கேள்வியை முடிப்பதற்குள் ‘வரேன் இரு’ பெண் பத்தையும் அழுத்திவிட்டாள். மூன்று சரி.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “கேள்வியப் படிச்சியாம்மா?”

“படிச்சா லேட்டாயிடும் டீச்சர்” என்றாள். முகத்தில் வருத்தமே இல்லை, முதலில் முடித்த சந்தோஷம்தான்.

“இதுல நேரமே இல்ல. எவ்வளவு வேணா எடுத்துக்கோ” என்றேன். தலையாட்டினாள். அவளுக்காக இன்னொரு கேள்வி போட்டேன். அது திரையில் முழுதாக வருவதற்கு முன்பே அழுத்திவிட்டு, சரியா என்று என் முகத்தைப் பார்த்தாள்.