தரை வரை இறங்கும் பெடல்

மார்ச் 11, காலை. சூரிய ஆய்வு நிலையம், மேல்மலை
பதிவு: யசோதரா. சூரியப் புயல் நேற்று ஓய்ந்தது. மின்சாரம் இல்லை. நிலையத்தின் புது வண்டிகள் சிப் கருகிக் கிடக்கின்றன. பழைய டீசல் வேன் மட்டும் தள்ளியதும் ஸ்டார்ட் ஆனது; கருகிப்போக அதில் எலக்ட்ரானிக்ஸ் கிடையாது. கையால் சுற்றும் வயர்லெஸ் வேலை செய்கிறது. வேனின் பிரேக் பெடல் லேசாக இறங்குகிறது. கவனிக்க வேண்டும்.

நண்பகல்
என்னோடு வேலை பார்க்கும் இன்பராஜுக்கு வலது அடிவயிற்றில் கடும் வலி, காய்ச்சல். அடிவாரத்து டாக்டர் நஸ்ரின் வயர்லெஸில் சொன்னது:
"குடல்வால் மாதிரிதான் தெரியுது. வெடிச்சிட்டா கஷ்டம். இன்னைக்கே கீழ கொண்டாந்திடுங்க. இங்க ஒரு வண்டியும் ஓடல."

பிற்பகல்
வேனைச் சோதித்தேன். பெடலை மிதித்து அப்படியே பிடித்திருந்தால் முதலில் கெட்டியாக நிற்கிறது. பிறகு மெல்ல மெல்லத் தரை வரை போகிறது. சக்கரங்களின் உட்புறம் காய்ந்திருக்கிறது. குழாய்களில் ஈரமில்லை. பிரேக் ஆயில் அளவும் குறையவில்லை. காற்று புகுந்திருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், இது அப்படியில்லை. ஆக, ஆயில் வெளியே போகவில்லை. ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே, தேய்ந்த ரப்பர் வாஷரைத் தாண்டிப் பின்னுக்கு நழுவுகிறது. மாற்று வாஷர் இங்கே இல்லை. ஹேண்ட் பிரேக் எப்போதோ அறுந்துவிட்டது.
விட்டுவிட்டு மிதித்தால் கொஞ்சம் பிடிக்கிறது.
இன்பராஜிடம் மறைக்கவில்லை. "நிக்காதுன்னா சொல்லிடு யசோ, நான் இங்கயே கிடக்கிறேன்" என்றான். பின் சீட்டில் படுக்கவைத்தேன்.

மாலை, பாதி வழியில்
முதல் கியரிலேயே இறங்குகிறோம். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் பெடல் தரையைத் தொட்டது. திரும்பத் திரும்ப மிதித்தேன். பிடிக்கவில்லை. ஸ்டீயரிங்கை மலைப்பக்கம் ஒடித்துப் பாறையில் உரசவிட்டேன். கதவு கிழிந்து வேன் நின்றது. இன்பராஜ் கத்தவில்லை. அதுதான் பயம். நெற்றி கொதிக்கிறது. கூப்பிட்டேன், கண் திறந்தான். போகிறோம்.

மார்ச் 12, காலை. அடிவார மருத்துவமனை
இன்பராஜ் பிழைத்துவிட்டான். டார்ச் வெளிச்சத்தில் அறுவை சிகிச்சை. தூங்குகிறான். ஊர்ப் பட்டறைகளில் எல்லாம் கேட்டாயிற்று. இந்த வேனுக்கு வாஷர் இல்லை. மற்ற வண்டிகளுடையது பொருந்தவில்லை.

சற்று நேரம் கழித்து
மேல்மலை வனக்காவலர் வயர்லெஸில் வந்தார்:
"டாக்டரம்மா, இங்க ஒரு பிரசவக் கேஸ். குழந்தை குறுக்க கெடக்குதுன்னு நர்ஸம்மா சொல்றாங்க. எப்படியாச்சும் ஒரு வண்டி அனுப்புங்க."
நஸ்ரின் என்னைப் பார்க்கவில்லை. சன்னல் வழியே வேனைப் பார்த்தார்.
போய் மிதித்துப் பார்த்தேன். நேற்றைவிட வேகமாக இறங்குகிறது. டிரைவர் ஒருவர் தான் போவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். அது எங்கே பிடிக்கும், எங்கே கைவிடும் என்று என் காலுக்குத்தான் தெரியும்.
இந்தப் பதிவை இன்பராஜ் பக்கத்தில் வைத்துவிட்டுக் கிளம்புகிறேன். ஏறுவதற்குப் பிரேக் அவ்வளவாகத் தேவைப்படாது. இறங்கும்போது வேனில் மூன்று உயிர் இருக்கும்.