அனுப்பாத நோயாளி

ராஜபாளையம்
3.2.2025

அன்புள்ள ஜெயா,

வியாழக்கிழமை என் கிளினிக் திறப்பு. அழைப்பிதழ் இருந்தாலும் உனக்குக் கைப்பட எழுதத் தோன்றியது. எம்.டி., டி.எம்., கனடாவில் வலிப்பு நோய் ஆராய்ச்சி என்று ஒன்பது வருடம் ஓடிவிட்டது. கல்லூரியில் கூடப் படித்துக்கொண்டே எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நீ. ஏட்டி, வராமல் இருந்துவிடாதே.

இரண்டு மருந்து கொடுத்தும் வலிப்பு நிற்காதவர்கள் உன்னிடம் இருந்தால் அனுப்பு. அவர்களுக்காகத்தான் ஊர் திரும்பினேன்.

உன்
ஹெப்சிபா


ஸ்ரீவில்லிபுத்தூர்
11.2.2025

அன்புள்ள ஹெப்சி,

வர முடியவில்லை, இங்கே நோயாளிகள் கூட்டம். மறுநாள் தென்காசி பஸ்ஸில் போகும்போது உன் போர்டைப் பார்த்தேன். பெயருக்குப் பின்னால் எம்புட்டு எழுத்து! படித்து முடிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. என் போர்டில் எம்.பி.பி.எஸ். மட்டும்தான்.

மேற்படிப்புக்கான தேர்வில் உன்னைவிட எனக்குத்தான் மதிப்பெண் அதிகம். நீ மறந்திருப்பாய். வயிற்றில் பிள்ளை என்று சீட்டை விட்டவள் மறப்பதில்லை.

நீ கேட்ட மாதிரி நோயாளி என்னிடம் யாருமில்லை.

ஜெயசித்ரா


ராஜபாளையம்
26.6.2025

ஜெயா,

மகாராஜபுரத்திலிருந்து சுடலைமாடத்தி என்ற அம்மா தன் மகள் பாண்டீஸ்வரியைக் கூட்டிவந்தார். வயது பத்தொன்பது. போன மாதம் சோறு வடிக்கும்போது வலிப்பு வந்து, கொதிகஞ்சி கையில் கொட்டியிருக்கிறது. வலது கையில் இரண்டு விரல் இனி மடங்காது.

நாலு வருட மருந்துச் சீட்டுகளிலும் உன் கையெழுத்து. மூன்று மருந்து மாற்றியிருக்கிறாய். ஸ்கேனில் மூளையில் சின்னத் தழும்பு தெரிகிறது. அறுவை சிகிச்சையில் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது.

"முன்னாலேயே வந்திருக்கலாமே" என்றேன்.

"மாசி மாசமே உங்ககிட்ட வரட்டுமான்னு எங்க டாக்டரம்மாட்ட கேட்டேன் தாயி. அங்கயும் இதே மாத்திரதான், எதுக்கு அலையுதன்னுட்டாவ."

அப்படிச் சொன்னாயா?

ஹெப்சிபா


ஸ்ரீவில்லிபுத்தூர்
1.7.2025

ஹெப்சி,

சொன்னேன்.

உன் படிப்பில் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. உன்னிடம் வந்தால் அவளுக்குக் குணமாகிவிடும் என்று தெரியும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நேற்று மகாராஜபுரம் போனேன். பாண்டீஸ்வரி இடது கையால் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் முன்னாலேயே அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன்.

அந்த அம்மா, "பிள்ளையோட நோட்ட குடுத்துருங்க" என்றார்.

அவளுடைய சிகிச்சையை நான் குறித்துவைத்த அந்த நோட்டைக் கொடுத்துவிட்டேன்; பிரதி இத்துடன் இருக்கிறது. உன்னிடம் அனுப்பாமல் வைத்திருந்த இன்னும் ஆறு பேருடைய நோட்டுகளும் இருக்கின்றன. வியாழக்கிழமை அவர்களை உன்னிடம் வரச் சொல்லியிருக்கிறேன்.

ஜெயசித்ரா